வெளிறிப்போன மெசின் பாடிக்குப் பளபளப்பு எப்படிக் கொண்டுவர்றது?

கொட்டகலை_வாடகைக்கடை

வணக்கம். கொட்டகலையில மெசின் வாடகைக்குக் குடுக்கிற சின்னக் கடை வச்சிருக்கேன். ட்ரில், கிரைண்டர், சர்க்கியூலர் சோ, கொங்கிரீட் உடைக்கிற பிரேக்கர், புல் வெட்டுற மெசின், இவ்வளவுதான் சாமான். உள்ளுக்குள்ள எதுக்கும் குறை வைக்கிறதில்ல. காபன் பிரஷ் தேய்ஞ்சா உடனே மாத்துறேன், பெயாரிங் சத்தம் குடுத்தா அன்னிக்கே கழட்டிப் பார்க்கிறேன்.

வெளித்தோற்றம்தான் கெட்டுப்போச்சு. கறுப்புப் பாகமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கு. சிவப்பு பாடி ரோஸ் நிறத்துக்கு வந்துட்டு. சில மெசின்ல பிடி ரப்பர் பிசுபிசுன்னு கையில ஒட்டுது. வெள்ளையா இருந்த சார்ஜர் ரெண்டும் மஞ்சளாயிட்டு. வீடு கட்டுற ஆட்கள் வந்து கையில எடுத்துத் திருப்பிப் பார்த்துட்டு, "பழசா இருக்கே அண்ணே, வேலைக்கு நடுவுல நின்னுடும்"னு சொல்லி டவுனுக்குப் போயிடுறாங்க. அங்க எடுக்கிற மெசின விட என்னோடது நல்லா ஓடும். அது எனக்குத் தெரியும், அவங்களுக்கு எப்படித் தெரியும்?

டயர் பொலிஷ் அடிக்கச் சொல்றார் ஒருத்தர். தின்னர்ல துடைக்கச் சொல்றார் இன்னொருத்தர். சேண்ட் பேப்பர் போட்டு பஃப் பண்ணினா கண்ணாடியா மின்னும்னு பக்கத்துக் கடைத் தம்பி சொல்றான். இன்னும் எதையும் தொடல. கைவைக்கிறதுக்கு முன்ன தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னு எழுதுறேன்.

ஹட்டன்_கராஜ்

அண்ணே, நாங்க கார் பம்பருக்குச் செய்றத சொல்றேன். வெளிறின கறுப்பு பம்பர்ல ஹீட் கன்ன ஒரே இடத்துல நிறுத்தாம நகர்த்திக்கிட்டே போனா, கண்ணு முன்னாலேயே கறுப்பு திரும்பும். மேல லேசா டயர் பொலிஷ். புதுசு தோத்துடும். உங்க மெசினுக்கும் அதையே செஞ்சு பாருங்க, செலவே இல்ல.

பண்டாரவளை_வைண்டிங்

ஹீட் கன் வேண்டாம் தம்பி. கொஞ்சம் பொறுங்க.

ஒவ்வொரு மெசினையும் எடுத்து ரேட்டிங் லேபலப் பாருங்க. ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம் போட்டிருந்தா அது டபுள் இன்சுலேசன் மெசின். அதுக்கு எர்த் கிடையாது, வயர்ல ரெண்டே கோர்தான் வரும். உள்ள ஓடுற 230 வோல்ட்டுக்கும் வெளியில பிடிக்கிற கைக்கும் நடுவுல கடைசியா நிக்கிறது அந்தப் பிளாஸ்டிக் கூடுதான். அதை உரசி மெல்லிசாக்கினாலும், சூடு காட்டி வளைச்சாலும், கண்டதை ஊத்தி வெடிக்க வச்சாலும் அடி வாங்கப்போறது உங்க வாடகைக்காரர். அதுவும் நம்ம பக்கத்துல பாதி நேரம் ஈரத் தரையில நின்னுதான் வேலை செய்றாங்க.

போன வருசம் ரிப்பேருக்கு வந்த ஒரு கிரைண்டர்ல யாரோ வெள்ளிக் கலர் ஸ்பிரே அடிச்சிருந்தாங்க. காத்துத் துவாரத்துக்குள்ள, பிரஷ் ஹோல்டர் பக்கத்துல வரைக்கும் பெயிண்ட். அந்தப் பெயிண்ட்ல இருக்கிறது உலோகத் தூள், கரண்ட் கடத்தக்கூடியது. மோட்டர நான் தொடுறதுக்கு முன்ன அந்தக் கூட்டத் தூக்கிப் போட்டுட்டு வேற போட்டேன்.

முதல் வேலை, பிளக்கைக் கழட்டிட்டு ஒரு மெசினப் பிரிச்சு கூட்டோட உட்பக்கம் பாருங்க. ரெண்டு கூர் அடைப்புக்குறிக்கு நடுவுல எழுத்து அச்சாகியிருக்கும். அதுல என்ன இருக்குன்னு இங்க போடுங்க. என்ன பிளாஸ்டிக்னு தெரியாம வைத்தியம் சொல்லக் கூடாது.

ஹப்புத்தளை_இரசாயனம்

பேராதனையில இரசாயனம் படிச்சவள், அதனால இதுல ஆர்வம். வைண்டிங் அண்ணா சொன்ன எழுத்துத்தான் இந்த விசயத்துக்குச் சாவி.

கார் பம்பர் பெரும்பாலும் பொலிபுரோப்பிலீன் கலவை. ஹீட் கன் பிடிக்கும்போது வெளிறின மேல்தோல் லேசா உருகிப் படியுது, அதனால கறுப்பாத் தெரியுது. சில மாசத்துல திரும்பவும் வெளிறும். மெசின் கூடு அந்தச் சாதி இல்ல. பெரும்பாலான ட்ரில், கிரைண்டர் கூடுகள் கண்ணாடி நார் கலந்த நைலோன். அதோட அடையாளம் "பிஏ6-ஜிஎஃப்30" மாதிரி இருக்கும். கடைசியில இருக்கிற 30, எடையில 30 வீதம் கண்ணாடி நார்னு அர்த்தம். நைலோன்-6 உருக ஏறத்தாழ 220 பாகை வேணும். அதுவே சார்ஜர், பழைய மலிவு மெசின், வெக்யூம் கூடெல்லாம் பெரும்பாலும் ஏபிஎஸ்ங்கிற வேற பிளாஸ்டிக். அது 105 பாகையை ஒட்டியே இளகிடும். ஹீட் கன் ஊதுற காத்து சாதாரணமா 300 பாகைக்கு மேல. ஏபிஎஸ் கூட்டுல பிடிச்சா ஸ்க்ரூ துவாரம் இடம் மாறும், ரெண்டு பாதியும் திரும்பப் பொருந்தாது.

இப்ப அந்தச் சாம்பல் பூத்தது என்னன்னு பார்ப்போம். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் மேல்பரப்பு நைலோன உடைச்சுடுது. மேல இருந்த நைலோன் போனதும் கண்ணாடி நார் தலை காட்டுது. அதுதான் வெள்ளையாத் தெரியிறது. விரலால தேய்ச்சுப் பார்த்தா சில பேருக்கு அரிக்கும். இதை சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சா என்ன நடக்கும்? உள்ள இருக்கிற புது நாரும் வெளிய வரும். இன்னும் வெளிறும். 2000 நம்பர் பேப்பர் வரைக்கும் போனாலும் கண்ணாடி நார் நைலோன் மின்னாது. அந்தத் தூளையும் மூச்சுல இழுக்கக் கூடாது.

இன்னொன்னு. கடையில இருக்கிற ஒரு புது மெசினக் கையில எடுத்துப் பாருங்க அண்ணா. பாடி மங்கலா, லேசாச் சொரசொரப்பா இருக்கும். அச்சுலேயே அந்தச் சொரசொரப்பக் கொத்தி வச்சிருப்பாங்க, பிடி வழுக்காம இருக்க, கீறல் தெரியாம இருக்க. பழைய மெசின்ல பளபளன்னு இருக்கிற இடம் எதுன்னு தேடினா, கை பிடிச்சுப் பிடிச்சுத் தேய்ஞ்ச இடமா இருக்கும். அதாவது மின்னுற இடம்தான் தேய்ஞ்ச இடம்.

கொட்டகலை_வாடகைக்கடை

நன்றி தங்கச்சி, நன்றி அண்ணே. பிரிச்சுப் பார்த்தேன். ட்ரில், கிரைண்டர் எல்லாத்துலயும் பிஏ6-ஜிஎஃப்30. ஒண்ணுல மட்டும் பிஏ66. பிரேக்கர்லயும் நைலோன்தான். சார்ஜர்ல ஏபிஎஸ், ஒரு சார்ஜர்ல பிசி கூட்டல் ஏபிஎஸ்னு இருக்கு. புல் மெசின்ல பெட்ரோல் டேங்க் பிஇ-எச்டி. சோவுல பிளேடு பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒரு துண்டு இருக்கு, அதுல எழுத்து இல்ல.

நீங்க சொன்னதுக்கு அப்புறம் கடையில இருக்கிற மெசின வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். ட்ரிக்கருக்குப் பின்னால, பெருவிரல் படுற இடம் மட்டும்தான் மின்னுது. மத்த இடம் வெளிறி இருக்கு. அப்ப நான் பளபளப்பத் தேடக் கூடாதா?

ஹப்புத்தளை_இரசாயனம்

கூட்டுக்கு வேண்டாம். தேட வேண்டியது ஒரே சீரான நிறம், சுத்தம், வழுக்காத பிடி. சார்ஜருக்கும் அந்தக் கண்ணாடித் துண்டுக்கும் மட்டும் பளபளப்பு பொருந்தும்.

தின்னர் சொன்னவருக்கு ஒரு பதில். தின்னர், அசிட்டோன், பிரேக் கிளீனர், பெட்ரோல் இதுகள் நைலோன ஒண்ணும் பெருசா செய்யாது. அதைப் பார்த்துட்டுத்தான் எல்லாத்துலயும் ஊத்துறாங்க. ஏபிஎஸ்ஸ அசிட்டோன் கரைச்சுடும். பொலிகாபனேட் (உங்க சார்ஜர்ல "பிசி"ன்னு இருக்கிறது) சில சமயம் அந்த நேரத்துல நல்லாத்தான் தெரியும். ஸ்க்ரூ இறுக்கத்துல இருக்கிற இடத்துல சில நாள் கழிச்சு முடி மாதிரி வெடிப்பு ஓடும். ஸ்க்ரூ கழறாம இருக்க விடுற லொக் திரவமும் அதே வேலையைச் செய்யும். அதனால ஒரே மெசின்ல ரெண்டு மூணு பிளாஸ்டிக் கலந்து இருக்கும்போது எதையும் ஊத்தாதீங்க. துணியில நனைச்சுத் துடைக்க சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டோ ஐசோபுரோப்பைல் அல்கஹோலோ போதும். ரெண்டும் பார்மசியில கிடைக்கும்.

தலவாக்கலை_ஃபிட்டர்

தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஒரு விசயம் யாரும் சொல்லவில்லை. தம்பியின் மெசின்களில் பாதிக்குப் பாதி வெளிறல் இல்லை, அழுக்கு. கொங்கிரீட் தூசியும் கை எண்ணெயும் சேர்ந்து இறுகினால் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். லயத்து வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மெசினில் புகை படிந்து பழுப்பாகும். கவ்வாத்து வெட்டுகிற மெசின் பிடியில் தேயிலைப் பால் கறுத்துக் காய்ந்திருக்கும். இதையெல்லாம் கழுவாமல் மேலே என்ன பூசினாலும் அழுக்கைப் பூட்டி வைத்த கணக்குத்தான்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். பிளக்கைக் கழற்று, பெட்டறி மெசினென்றால் பெட்டறியைக் கழற்று. காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியை முழுக்கத் தட்டு. சீமெந்துத் தூசி நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், ஆகவே தண்ணீர் காட்டுவதற்கு முன்னே உலர்வாக எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட வேண்டும். கட்டியாக இறுகியதை மூங்கில் சீவலால் சுரண்டு. இரும்பு வேண்டாம், கீறும்.

கூட்டைக் கழற்றத் தெரிந்தவர்கள் மோட்டர், சுவிட்ச், வயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் பேசினில் போடலாம். இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம், அரை மணி நேரம். பிறகு பழைய பல் பிரஷ். சொரசொரப்பின் பள்ளத்துக்குள் இருக்கிற அழுக்கை எடுக்க அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. வட்டமாகத் தேய்க்க வேண்டும். விடாப்பிடிக் கறைக்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்கலாம். கழற்றத் தெரியாதவர்கள் காற்றுத் துவாரங்களை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, பிழிந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். எந்தத் திரவத்தையும் மெசின் மேல் நேராகத் தெளிக்கக் கூடாது, துணியில்தான் எடுக்க வேண்டும்.

பிரேக்கரில் ஒட்டிய சீமெந்தைக் கரைக்க மேசன் பாஸ்மார் கக்கூஸ் கழுவுகிற அசிட்டை ஊற்றுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் கடையிலிருந்து எடுத்துப் போகிறவர்களிடம் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். நைலோனை அந்த அசிட் தின்றுவிடும். இரும்பையும் விடாது.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. நுவரெலியா, நானுஓயா பக்கம் மூடுபனி நாட்களில் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், மூட்டுக்குள் ஈரம் நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காற்றாட வைத்த பிறகே பூட்டுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் காற்று போதும்.

மஸ்கெலியா_மரவேலை

டயர் பொலிஷ் பத்தி நான் ஒண்ணு சொல்லணும், மனசுல இருந்து சொல்றேன். நம்ம பக்கத்துல மரவேலை செய்றவங்க நிறையப் பேர் மெசின வாடகைக்குத்தான் எடுக்கிறோம். டயர் பொலிஷ், டேஷ்போட் ஸ்பிரே பெரும்பாலானதுல சிலிக்கோன் எண்ணெய் இருக்கு. அது மெசின்ல இருந்து கைக்கு வரும், கையில இருந்து பலகைக்கு வரும். பலகையில பட்ட இடத்துல வார்னிஷ் நிக்காது. சின்னச் சின்ன வட்டமா விலகிப் போகும். தேய்ச்சாலும் போகாது, இன்னும் பரவும். ஒரு கதவு முடிக்கிற நேரத்துல இப்படி ஆனா அந்தக் கூலி போச்சு.

வழுக்கலையும் யோசிங்க. சர்க்கியூலர் சோ டர்பன்டைன் மரத்துல மாட்டிக்கிட்டு உதைக்கும்போது பிடி கையில நிக்கணும். பிடிக்கிற இடத்துல எதையும் பூசாதீங்க. டபிள்யூடி-40 போட்டுத் துடைச்சா அன்னிக்கு மின்னும், அடுத்த நாள் மரத்தூள் முழுக்க அதுல ஒட்டியிருக்கும்.

வாடகைக்குப் போறவன் என்ற முறையில சொல்றேன். மின்னுற மெசின் கடையில இருந்தா எனக்குச் சந்தேகம்தான் வரும். எதை மறைக்கப் பூசியிருக்காங்கன்னு பார்ப்பேன். சுத்தமா இருக்கிற பழைய மெசின், வயர் வளைவுல வெடிப்பில்லாம, சக் (பிட் மாட்டுற வாய்) ஆடாம இருந்தா கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்.

ஹட்டன்_கராஜ்

சிலிக்கோன் விசயம் கராஜ்லயும் அப்படித்தான். பெயிண்ட் அடிக்கிற அறைக்குள்ள அந்த ஸ்பிரே டின்னையே விட மாட்டோம். நான் சொன்னது பம்பருக்கு, அங்க அது வேலை செய்யும். நைலோனுக்கு இல்லன்னு தங்கச்சி சொன்னது வெளங்குது.

ஆனா அந்தக் கண்ணாடித் துண்டு என் ஏரியா. ஹெட்லைட் தினமும் செய்றோம். சோவுல இருக்கிறது, லேசர் லெவல் ஜன்னல், டோர்ச் மூடி, வெக்யூம் தூசி டப்பா எல்லாம் பெரும்பாலும் பொலிகாபனேட், இல்லாட்டி அக்ரிலிக். முறை ஒண்ணுதான். மெசின்ல இருந்து கழட்டிக்கோங்க. சோப்புத் தண்ணியில கழுவுங்க. கீறல் நகத்துல தட்டுப்பட்டா 800ல தொடங்குங்க, தட்டுப்படலைன்னா 1500 போதும். பேப்பரத் தண்ணியில ஊற வச்சு, தண்ணி விட்டுக்கிட்டே ஒரே திசையில தேய்க்கணும். அடுத்த நம்பருக்குப் போகும்போது குறுக்கா மாத்துங்க. முந்தின கோடு முழுசா மறைஞ்சதும்தான் அடுத்த பேப்பர். இங்க அவசரப்பட்டா கடைசியில வெயில்ல பிடிக்கும்போது கோடு கோடாத் தெரியும். 800, 1000, 1500, 2000, 3000 கிடைச்சா அதையும். இந்தக் கட்டத்துல துண்டு பால் நிறத்துல, சீரா இருக்கும். பயப்படாதீங்க. அதுக்கப்புறம் பிளாஸ்டிக் பொலிஷ் இல்லாட்டி கார் கட்டிங் கம்பவுண்ட், மெல்லிசுத் துணி, கையாலேயே தேய்ங்க. ட்ரில்ல ஸ்பொஞ்ச் மாட்டிச் சுத்தினா சூடேறி இளகிடும், வேகத்தக் குறைச்சுத் தண்ணி தெளிச்சுக்கிட்டே செஞ்சா சரி.

லேசான மங்கலுக்குப் பேப்பரே வேண்டாம். வெள்ளை டூத் பேஸ்ட் போதும். அதுல நைசான சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ இருக்கும், அதுதான் தேய்க்குது.

ஒண்ணு மறக்காதீங்க. பொலிகாபனேட் மேல புற ஊதாவத் தடுக்கிற கோட்டிங் இருக்கும். நம்ம தேய்க்கும்போது அது போயிடும், அப்புறம் வெயில்ல சீக்கிரமா மஞ்சளாகும். ஹெட்லைட்டுக்கு மேல கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடிக்கிறோம். சின்னத் துண்டுக்கு அது வேண்டாம், மெசின நிழல்ல வச்சா போதும். டூ-கே கிளியர்ல, அதாவது ரெண்டு திரவத்தக் கலந்து அடிக்கிறதுல, மூச்சுக்குக் கெடுதியான ஐசோசயனேட் இருக்கு, சரியான மாஸ்க் இல்லாம வீட்டுல அடிக்கிற சாமான் இல்ல.

கந்தப்பளை_கெரட்

நான் மரக்கறித் தோட்டம் செய்றேன். மெசின் தெரியாது, ஆனா என் கேள்வி இதே மாதிரி. புல் வெட்டுற மெசினும் மருந்து அடிக்கிற டேங்கும் எப்பவும் வரப்புலதான் கிடக்கும். இங்க பாதி நாள் பனி மூடித்தான் இருக்கு, வெயிலே பெருசா இல்ல. இருந்தும் கொழும்புல இருக்கிற தம்பி வீட்டு மெசின விட என்னோடது சீக்கிரம் வெளிறுது. ஈரத்துனாலயா? பெட்ரோல் டேங்கும் மஞ்சளாகி உள்ள எவ்வளவு இருக்குன்னே தெரியல. முகத்துக்குப் போடுற கண்ணாடி மங்கிப் போச்சு, கராஜ் தம்பி சொன்ன மாதிரித் தேய்க்கலாமா?

ஹப்புத்தளை_இரசாயனம்

அக்கா, ஈரத்துனால இல்ல. நைலோனுக்கு ஈரம் நல்லதுதான். காத்துல இருந்து தண்ணிய இழுத்து வச்சிருக்கும்போதுதான் அதுக்கு அடி தாங்குற குணம் வருது. எலும்பா உலர்ந்த நைலோன் விழுந்தா சில்லா உடையும்.

காரணம் உயரம். மேல போகப் போக காத்து மண்டலம் மெல்லிசாகுது, ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் புற ஊதா ஏறத்தாழ 10 வீதம் கூடுது. நுவரெலியா டவுனே 1,868 மீற்றர். நீங்க இருக்கிற பக்கமும் அதே மலைதான். அதோட நம்ம நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதால வெயில் வருசம் முழுக்க நேராவே விழும். மெல்லிசுப் பனி வெளிச்சத்தையும் சூட்டையும் குறைக்கும், புற ஊதாவ அந்த அளவுக்குக் குறைக்காது. குளிருதுன்னு நம்ம மெசின வெளியிலேயே விட்டுடுறோம். ஒரு சாக்குப் போட்டு மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டேங்க் பொலிஎதிலீன். அது மஞ்சளானது பெட்ரோலும் எண்ணெயும் சுவருக்குள்ள ஊறினதால. மேல தேய்ச்சு வராது. உள்ள அளவு தெரியணும்னா பின்பக்கம் டோர்ச் பிடிச்சுப் பாருங்க. ரொம்ப உடைய ஆரம்பிச்சிருந்தா மாத்திடுங்க.

முகக் கண்ணாடியத் தேய்க்காதீங்க அக்கா, தயவுசெஞ்சு. அது கல்லு பட்டா தாங்குறதுக்குச் செஞ்சது. கோட்டிங் போய், கீறல் விழுந்து, பெட்ரோல் கையால துடைச்ச பொலிகாபனேட் எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது. கண்ணுக்கு முன்னால இருக்கிற சாமான். புதுசு வாங்கிடுங்க.

சார்ஜர் மஞ்சளுக்கு வருவோம். ஏபிஎஸ்ல தீப்பிடிக்காம இருக்கச் சேர்க்கிற புரோமின் சேர்மங்கள் வெயிலும் சூடும் பட்டு நிறம் மாறுறது அதுக்கு ஒரு காரணம். முடிக்குக் கலர் போடுற கடையில கிடைக்கிற ஹைட்ரஜன் பெரொக்சைட் கிரீம் இருக்கு இல்லையா, 40 வொலியூம்னு போட்டிருக்கும், அது 12 வீதம். கூட்டுல சமமாப் பூசி, காயாம இருக்க மெல்லிசு பொலித்தீன் சுத்தி, வெயில்ல சில மணி நேரம் வைங்க. அடிக்கடி திருப்பி, கிரீமத் திரும்பவும் பரப்பிவிடணும். ஒரு இடத்துல காய்ஞ்சா அங்க திட்டு விழும், அதைப் பிறகு எடுக்கவே முடியாது. கையுறை கட்டாயம், தோல்ல பட்டா வெந்துடும். வெள்ளை வரும். வருசக் கணக்குல திரும்ப மஞ்சளாகும் என்பதையும் சொல்லிடுறேன். பிறகு மேல்பக்கம் மின்னணும்னா கராஜ் தம்பி சொன்ன கம்பவுண்ட் ஏபிஎஸ்ஸுக்கும் சரிவரும்.

பண்டாரவளை_வைண்டிங்

தங்கச்சி சொன்னதுக்கு ஒரு வரி கூடுதல். சார்ஜர் கூட்டக் கழட்டும்போது பிளக்கைப் பிடுங்கின உடனே உள்ள கைவைக்காதீங்க. கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும். கொஞ்ச நேரம் விட்டுட்டு, அதோட கால்கள் ரெண்டுக்கும் நடுவுல மீற்றர் வச்சுப் பார்த்துட்டுத் தொடுங்க. ரேட்டிங் லேபல்ல கிரீம் படக் கூடாது, எழுத்து அழிஞ்சா எந்தப் பெட்டறிக்கு உரியதுன்னு தெரியாமப் போகும்.

தலவாக்கலை_ஃபிட்டர்

பிசுபிசுக்கும் ரப்பரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கெட்டிப் பிளாஸ்டிக் மேல் பெயிண்ட் போல மெல்லியதாகப் பூசிய மென்பூச்சு. ஈரக் காற்றில் நாளடைவில் அது சிதைந்து பசையாகிவிடும். நகத்தால் சுரண்டினால் அடியில் கெட்டிப் பிளாஸ்டிக் தெரியும். அதைக் காப்பாற்ற முடியாது. ஸ்பிரிட் தோய்த்த துணியால் பொறுமையாக முழுவதையும் துடைத்து எடுத்துவிடுங்கள், அடியில் இருப்பது சுத்தமாக வரும்.

மற்றது தடித்த ரப்பர், கூட்டோடு சேர்த்து வார்த்தது. அது பெரும்பாலும் கை எண்ணெயும் வியர்வையும் ஊறிப் பிசுபிசுக்கும். சோப்புத் தண்ணீர், பல் பிரஷ், பிறகு ஸ்பிரிட் துணி ஒரு தடவை, உலர்ந்ததும் துளி முகப் பவுடர் தடவித் தட்டிவிட்டால் போதும். கொசு மருந்து பூசிய கையால் பிடித்த ரப்பர் மட்டும் உருகிப்போயிருக்கும், அதற்கு வைத்தியம் இல்லை.

கொட்டகலை_வாடகைக்கடை

எல்லாருக்கும் திரும்ப எழுதணும்னு இருந்தேன். ரெண்டு கிழமையா மழை, வாடகைக்கு ஆள் வரல, உக்காந்து ஒவ்வொண்ணாச் செஞ்சேன்.

ஃபிட்டர் ஐயா சொன்னது அப்படியே உண்மை. கிரைண்டர் கூட்டப் பேசின்ல போட்டுப் பல் பிரஷ்ஷால தேய்ச்சதும் தண்ணி சீமெந்துக் குழம்பாச்சு. வெளிறினதுன்னு நான் நினைச்சதுல பெரும்பகுதி அதோட போயிட்டு. உண்மையாவே வெயில் தின்ன இடம்னு மிஞ்சினது புல் மெசின் மூடியும் பிரேக்கரோட மேல்பக்கமும்தான். ரோஸ் ஆன சிவப்பு அப்படியேதான் இருக்கு, அழுக்கில்லாத ரோஸ், பார்க்க மோசமில்ல. மென்பூச்சு ட்ரில் ஒண்ணு இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா கறுப்புப் பசை துணி துணியா வந்துச்சு, அடியில நல்ல சொரசொரப்பான பிளாஸ்டிக்.

சோ ஜன்னல் 1500ல தொடங்கி முடிச்சேன். கோடு போட்டு அறுக்கும்போது பிளேடு தெரியுது. இதுவரைக்கும் வாடகைக்குப் போனவங்க குனிஞ்சு பக்கத்துல இருந்து எட்டிப் பார்த்துத்தான் அறுத்திருப்பாங்க, அதை நினைச்சா இதை முன்னாடியே செஞ்சிருக்கணும். சார்ஜருக்கு இன்னும் வெயில் வரல.

வெளிறின அந்த மூடிக்கு மட்டும் ஏதாவது பூச வழி இருக்கா? பிடிக்கிற இடம் இல்ல.

ஹப்புத்தளை_இரசாயனம்

நைலோன்னா நிறமில்லாத ஷூ பொலிஷ் மிக மெல்லிசா, ஷூ பிரஷ்ஷாலேயே. காய்ஞ்சதும் வேற பிரஷ்ஷால நல்லாத் தட்டி எடுத்துடுங்க, பள்ளத்துல தங்கினா வெள்ளையாத் தெரியும். டின்ல சிலிக்கோன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, மஸ்கெலியா அண்ணாவுக்காக. லின்சீட் எண்ணெய் பூசச் சொல்லி யாராவது சொன்னா வேண்டாம். நம்ம குளிர்ல நாள் கணக்குல பிசுபிசுக்கும். அந்த எண்ணெய்த் துணியச் சுருட்டி மூலையில போட்டா தானாவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

மஸ்கெலியா_மரவேலை

நன்றிம்மா. அண்ணே, அந்த சோ ஒரு நாளைக்கு எவ்வளவு? அடுத்த வாரம் ஒரு கூரை வேலை இருக்கு.

பண்டாரவளை_வைண்டிங்

வாடகைக்கு விடுறதுக்கு முன்ன ஒரு வேலை பாக்கி. கழுவிப் பூட்டின மெசின் எல்லாத்தையும் 500 வோல்ட் மெகர்ல (இன்சுலேசன் சோதிக்கிற மீற்றர்) பார்க்கணும். சுவிட்ச அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, பிளக்கோட ரெண்டு பின்னையும் சேர்த்து ஒரு பக்கம், சக் இல்லாட்டி கியர்பொக்ஸ் உலோகம் மறுபக்கம். 2 மெகா ஓமுக்குக் கீழ காட்டினா வெளிய விடாதீங்க, இன்னும் காய வைங்க, திரும்பப் பாருங்க. கடையில 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்குன்னா அதுலதான் முதல்ல ஓட்டிப் பார்க்கணும்.

இன்னொன்னு கேக்கிறேன். கழுவும்போது எந்தக் கூட்டுலயாவது வெடிப்பு தெரிஞ்சுச்சா? அழுக்கு போனாத்தான் அது கண்ணுல படும்.

கொட்டகலை_வாடகைக்கடை

மஸ்கெலியா அண்ணே, சோ பத்தி தனியா மெசேஜ் போடுறேன்.

வைண்டிங் அண்ணே, தெரிஞ்சுச்சு. பிரேக்கர்ல பிடி கூட்டோட சேர்ற மூலையில ஒரு வெடிப்பு, விரல் நீளம். சூப்பர் குளூ விட்டா நிக்குமா? எங்கிட்ட மெகரும் இல்ல.

பண்டாரவளை_வைண்டிங்

நிக்காது. நைலோன்ல சூப்பர் குளூ அந்த உதைய ஒரு நாள் கூடத் தாங்காது. நின்னாலும் வெடிச்ச கூட்ட 230 வோல்ட்டுக்கு மேல மூடி வாடகைக்கு விடக் கூடாது. பின்பக்கக் கூடு தனியா வாங்கலாம், மொடல் நம்பர் அனுப்புங்க, விசாரிச்சுச் சொல்றேன். அது வரைக்கும் அந்தப் பிரேக்கரத் தனியா எடுத்து வச்சு வயரச் சுருட்டிக் கட்டிடுங்க, பையன் தெரியாமக் குடுத்துடுவான்.

மத்த மெசின் எல்லாத்தையும் சனிக்கிழமை காலை ரயில்ல போட்டுக் கொண்டு வாங்க. பண்டாரவளை ஸ்டேசன்ல நான் நிக்கிறேன். மெகர் பார்த்து, ஒவ்வொண்ணுலயும் திகதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேன்.